ஊட்டிப் பக்கம் ஜனவரிக் குளிரில் ஹேமக்: முதுகு மட்டும் ஏன் சில்லிடுகிறது?

மேட்டுப்பாளையத்தான்:

வணக்கம். ஜனவரி நடுவில் ஊட்டிக்கும் எமரால்டுக்கும் இடையே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஹேமக் (இரு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தொங்குபடுக்கை) கட்டித் தூங்கத் திட்டம். தனியார் இடம், உரிமையாளர் சம்மதம் இருக்கிறது, கார் பக்கத்திலேயே நிற்கும். உயரம் ஏறக்குறைய 2,100 மீட்டர். விடியற்காலையில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும் என்கிறார்கள்.

கையில் இருப்பவை: 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலத்தில் ஒற்றை அடுக்கு பாராசூட் நைலான் ஹேமக். மரத்தில் சுற்றிக் கட்ட 2.5 செ.மீ. அகல ஸ்ட்ராப். மேலே கூரையாகக் கட்ட 3 × 3 மீட்டர் டார்ப். 5 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும் மம்மி ஸ்லீப்பிங் பேக் (செயற்கைப் பஞ்சு). 10 மி.மீ. தடிமனில் 60 செ.மீ. அகல ஃபோம் மேட். என் உயரம் 175 செ.மீ., எடை 72 கிலோ.

இதே பையில் டென்டுக்குள் படுத்தால் குளிர் தெரிவதில்லை. ஹேமக்கில் படுத்தால் 12 டிகிரியிலேயே முதுகும் பிட்டமும் சில்லிட்டுப் போகின்றன. மேலே கம்பளியைக் கூடுதலாகப் போர்த்தினாலும் வித்தியாசம் இல்லை. மைனஸ் 5 டிகிரி பை வாங்கினால் தீருமா? அண்டர்குயில்ட் வேண்டும் என்று படித்தேன், ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் விலை கட்டுப்படியாகாது. வீட்டில் தைக்க முடியுமா?

---

ஊசிநூல்:

புதுப் பை வாங்காதீங்க தம்பி. எந்த டிகிரி போட்டிருந்தாலும் உங்க முதுகுக்கு அது ஒண்ணுதான்.

பஞ்சு சூடு கொடுக்கிறதில்லை. அதுக்குள்ள அசையாம அடைபட்டிருக்கிற காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமப் பிடிக்குது. 72 கிலோ எடை மேல அழுத்தும்போது முதுகுக்குக் கீழே இருக்கிற பஞ்சு சப்பையாயிடும், காற்று வெளியேறிடும். மிச்சம் இருக்கிறது ரெண்டு துணி. டென்டில் இது தெரியாததுக்குக் காரணம், கீழே மேட் இருக்கு, அதுக்கும் கீழே தரை இருக்கு. தரைக்குக் குளிர் உண்டு, ஆனா அது வீசாது. ஹேமக்கில் அடிப்பக்கம் முழுக்கத் திறந்த காற்று. நீங்க சூடாக்கின மெல்லிய காற்றுப் படலத்தை லேசான காற்று கூட அடிச்சிட்டுப் போயிடும். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் கீழே ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

அதனால பஞ்சை ஹேமக்குக்கு *வெளியே*, அடியில் தொங்கவிடணும். அங்கே அது நசுங்காது. அண்டர்குயில்ட்னா அவ்வளவுதான். வீட்டுத் தையல் மெஷின்ல நேர்த்தையல் போடத் தெரிஞ்சா போதும்.

தோள் முதல் முழங்கால் வரை வர்ற முக்கால் நீள அளவு சொல்றேன். தைச்சு முடிச்ச பிறகு நீளம் 130, அகலம் 120 செ.மீ. துணி, ஜாக்கெட் லைனிங்குக்குப் போடுற மெல்லிய நைலான் டஃபேட்டா, 150 செ.மீ. பன்னாவில் 3 மீட்டர். ரெயின்கோட் மாதிரி கோட்டிங் அடிச்ச துணி வேண்டாம். உடம்பிலிருந்து வர்ற ஈரம் வெளியேற வழியில்லாம பஞ்சு நனைஞ்சிடும். பஞ்சுக்கு ரெக்ரான் மாதிரி பாலியஸ்டர் வாடிங், ஷீட்டா வர்றது, 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்), ரெண்டு அடுக்கு. உதறிப் போட்டா ரெண்டும் சேர்ந்து 4 முதல் 5 செ.மீ. உப்பணும். உப்பாம தட்டையா, கெட்டியா இருக்கிற ஷீட் எடை மட்டும்தான் கூட்டும், கடையிலேயே கையால் அமுக்கி விட்டுப் பாருங்க. குளிர் தாங்காத உடம்புன்னா மூணு அடுக்கு.

உள்துணி 120 அகலம்னா வெளித்துணியை 130 வெட்டுங்க (ரெண்டுக்கும் தையலுக்கு விடறது தனி). இதைப் பலரும் விட்டுடறாங்க. அண்டர்குயில்ட் வளைஞ்சு தொங்கும்போது வெளிவட்டம் பெரிசு. ரெண்டு துணியும் ஒரே அளவா இருந்தா வெளித்துணி இறுகி, பஞ்சை உள்பக்கமா நசுக்கும். அப்புறம் முதுகு சில்லிடுற பழைய கதைதான்.

பஞ்சை உள்துணியோட நாலு ஓரத்திலும் தைச்சிட்டு, வெளித்துணியை நல்ல பக்கம் உள்ளே இருக்கிற மாதிரி வெச்சு மூணு பக்கம் தைச்சுப் புரட்டுங்க. அதிகப்படி 10 செ.மீ.யைத் தலைப்பக்கமும் கால்பக்கமும் சின்னச் சின்ன மடிப்பா வாங்கிடணும். நடுவில் ரஜாய்க்குப் போடுற மாதிரி குறுக்கும் நெடுக்குமாத் தையல் ஓட்டாதீங்க, தையல் போன ஒவ்வொரு கோடும் குளிர் நுழையுற கோடு. 30 செ.மீ.க்கு ஒரு இடத்தில் ஊசியால் தளர்வா ஒரு முடிச்சு போதும், பஞ்சு நகராது.

நாலு ஓரத்திலும் 2.5 செ.மீ. நாடாக்குழாய் வேணும். நீளவாட்டுக் குழாய் ரெண்டிலும் 4 மி.மீ. எலாஸ்டிக் கயிறு, ஒவ்வொண்ணும் ஹேமக்கின் தலைமுனையில் தொடங்கிக் குழாய் வழியா ஓடி கால்முனை காரபினரில் (திறந்து மூடுற கொக்கி வளையம்) முடியும். மொத்தம் 6 மீட்டர் வாங்குங்க. குழாய் முடியுற இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சு போட்டுக்கங்க, இல்லைன்னா ராத்திரி குயில்ட் காலடிக்கு வழுக்கிடும். அகலவாட்டுக் குழாயில் 3 மி.மீ. கயிறும் ஒரு கார்டு லாக்கும் (கயிற்றை இழுத்த இடத்தில் பிடிச்சு நிறுத்துற சின்னப் பூட்டு), ஓரத்தைச் சுருக்கி வாயை மூட. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்குள்ள வரும்.

முழங்காலுக்குக் கீழே? உங்ககிட்ட இருக்கிற ஃபோம் மேட்டில் 60 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி ஹேமக்குக்குள்ள கெண்டைக்காலுக்கு அடியில் போடுங்க. அங்கே எடையும் குறைவு, அகலமும் போதும்.

---

நடைவழி:

ஊசிநூல் அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் தைக்க நேரமில்லாதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது.

சுற்றிலும் ஜிப் உள்ள செவ்வக ஸ்லீப்பிங் பேக், திறந்தால் ஒரே விரிப்பாகிவிடும் வகை, விலை குறைவாகக் கிடைக்கும். அதைத் திறந்து ஹேமக்குக்கு அடியில் குறுக்காகத் தொங்கவிடலாம். மூலையில் கண்ணி இல்லையே என்று துணியைக் குத்தி ஓட்டை போட வேண்டாம். ஒரு கோலிக்குண்டைத் துணியின் உள்பக்கமாக வைத்து, வெளியே கழுத்துப்போல் பிதுங்கும் இடத்தில் எலாஸ்டிக் கயிற்றைச் சுருக்குப்போட்டு இறுக்கினால் எவ்வளவு இழுத்தாலும் கழன்று வராது. நான்கு மூலை, பக்கவாட்டில் நடுவில் இரண்டு என ஆறு குண்டுகள் போதும்.

மேட் மட்டும் வைத்தே சமாளிப்பவர்களும் உண்டு. மேட் நசுங்காது என்பதால் கொள்கையளவில் அது சரிதான். நடைமுறையில் மூன்று சிக்கல்கள். 10 மி.மீ. ஃபோமின் ஆர் மதிப்பு (சூடு வெளியேறாமல் தடுக்கும் திறனின் அளவு) ஒன்று, ஒன்றரைக்கு மேல் போகாது. உறைநிலைக்கு 4-க்குப் பக்கமாக வேண்டும். அடுத்து, ஹேமக் தோளைச் சுற்றி மேலேறி வளையும், 60 செ.மீ. மேட் தோளின் விளிம்பிலேயே முடிந்துவிடும். இன்னொரு மேட்டில் 100 × 45 செ.மீ. துண்டு வெட்டித் தோள் மட்டத்தில் குறுக்காகப் போட்டால் அது சரியாகும். மூன்றாவது, ஃபோம் வியர்வையை விடாது. நள்ளிரவில் முதுகுப்பக்கத் துணி ஈரமாகிவிடும், ஈரம் வந்தபின் சூடு நிற்காது. ஒற்றை அடுக்கு ஹேமக்கில் மேட் வழுக்கிக்கொண்டும் இருக்கும், அதனால் அதை ஸ்லீப்பிங் பேக்குக்கு உள்ளே நுழைத்துவிடுங்கள்.

என் கணிப்பில் 10 டிகிரி வரை மேட் போதும். அதற்குக் கீழே அண்டர்குயில்ட். இரண்டையும் சேர்த்து வைத்தால் பூஜ்யத்திலும் நிம்மதி.

---

கோத்தகிரிக் குளிர்:

கருவிகளைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். கட்டும் இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நீலகிரியில் அதுவே பாதி வேலை.

மேகமில்லாத, காற்றடங்கிய ஜனவரி இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, அவலாஞ்சி, காந்தல் போன்ற இடங்களில் புல் வெளுக்க உறைபனி படிவது இதனால்தான். அதே இரவில் பள்ளத்திலிருந்து இருபது முப்பது மீட்டர் மேலே சரிவில் உறைபனி இல்லாமலே இருக்கும். எமரால்டு பக்கம் ஓடையோரப் புல்வெளி பார்க்க அழகாக இருக்கும், அங்கே கட்டாதீர்கள்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு வசதி உண்டு: செடியே சொல்லிவிடும். உறைபனி விழும் பாத்தியில் மேல் கொழுந்து தீய்ந்ததுபோல் கருகிப் பழுப்பாக இருக்கும். பக்கத்துச் சரிவு பச்சையாக இருக்கும். தோட்டத்தில் வேலை செய்பவர்களைக் கேட்டால் எந்தப் பாத்தியில் வருடாவருடம் பனி விழுகிறது என்று கைகாட்டிவிடுவார்கள். பச்சையாக இருக்கும் சரிவின் நடுப்பகுதி நல்லது. உச்சி வேண்டாம், அங்கே காற்று.

மேலே மரக்கிளைகள் கவிந்திருந்தால் சூடு வானத்துக்குப் போவது குறையும். ஆனால் எந்த மரம் என்று பாருங்கள். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) காற்றில்லாத நேரத்திலும் கிளையை முறித்துப் போடும். சீகை (வாட்டில்) மரத்துக்கு வேர்ப்பிடிப்பு ஆழமில்லை, ஈர மண்ணில் சாய்ந்துவிடும். தோட்டத்து சில்வர் ஓக்கில் 20 செ.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள, உயிருள்ள மரமாக, மேலே காய்ந்த கிளை தொங்காததாகத் தேர்ந்தெடுங்கள்.

ஹேமக்கைச் சரிவுக்குக் குறுக்காக, தேயிலை வரிசை ஓடும் திசையிலேயே கட்டுங்கள். இரவுக் காற்று மேலிருந்து கீழே இறங்கும், எனவே டார்ப்பின் மேட்டுப்பக்க ஓரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை தாழ்த்தி முளையடியுங்கள். பள்ளப்பக்கம் இரண்டு சாண் இருக்கட்டும். தொய்ந்து தொங்கும் ஹேமக் முனைக்கு முனை இரண்டரை மீட்டர்தான் வரும், எனவே 3 மீட்டர் டார்ப் இரு முனையிலும் கால் மீட்டர் மிச்சம் தரும், அது மழைக்குச் சற்றுக் குறைவு, ஜனவரிப் பனிக்குப் போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். காப்புக் காட்டின் எல்லையைத் தாண்டி ஒரு மரத்திலும் கட்டாதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். இந்தப் பகுதியில் காட்டெருமையும் கரடியும் தோட்டத்துக்குள்ளேயே வரும். தோட்டத்திலும் சோலை ஓரம், ஓடைக்கரை, வழக்கமாக விலங்குகள் கடக்கும் தடம் இவற்றை விட்டு விலகி, வீட்டுக்கும் வண்டிக்கும் அருகில் கட்டுங்கள். சாப்பாட்டுப் பொருளை டார்ப்புக்குள் வைக்காமல் காரில் பூட்டிவிடுங்கள்.

---

மேட்டுப்பாளையத்தான்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்கா சொன்ன அளவில் தைக்கப் போகிறேன். மூன்று சந்தேகங்கள். தொங்கவிட்டபின் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடியில் வெள்ளிநிற எமர்ஜென்சி ஷீட்டைக் கட்டினால் கூடுதல் சூடு கிடைக்குமா? பாட்டிலில் வெந்நீர் வைத்துக்கொள்வது பயன் தருமா?

---

ஊசிநூல்:

முதல்ல ஹேமக்கே சரியாத் தொங்கணும். ரெண்டு முனைக்கும் நடுவில் நீளாத மெல்லிய கயிறு, டைனீமா மாதிரி, ஹேமக் நீளத்தில் 83 சதவீதம் வர்ற மாதிரி கட்டணும். உங்களுக்கு 249 செ.மீ. இது இருந்தா மரங்களின் இடைவெளி மாறினாலும் ஹேமக்கோட தொய்வு மாறாது. ஒரு தடவை சரிபண்ணின அண்டர்குயில்ட் எப்பவும் அதே இடத்தில் உட்காரும். மரம் 4.5 மீட்டர் இடைவெளியில் இருந்தா ஸ்ட்ராப்பை ஏறக்குறைய 1.75 மீட்டர் உயரத்தில் கட்டுங்க, ஸ்ட்ராப் கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வா வரும். அந்தச் சாய்வில் ஒவ்வொரு ஸ்ட்ராப்பிலும் உங்க எடை அளவுக்கு இழுவிசை. 15 டிகிரிக்கு விறைப்பா இழுத்துக் கட்டினா அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. விறைப்பாக் கட்டின ஹேமக் தோளை நெருக்கும், மூலைவாட்டமாப் படுக்கவும் விடாது.

மூலைவாட்டமாத்தான் படுக்கணும். தலை இடது பக்கம், கால் வலது பக்கம்னு வெச்சுக்கங்க. அப்போ அண்டர்குயில்ட்டையும் அதே கோணத்தில் லேசாத் திருப்பணும், இல்லைன்னா ஒரு தோள் வெளியே நிக்கும்.

நீங்க படுத்த பிறகு இன்னொருத்தரை அடியில் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. உள்ளங்கை போகணும், மேல்பக்கம் ஹேமக்கும் கீழ்ப்பக்கம் குயில்ட்டும் லேசாத் தொடணும். கை நுழையவே இல்லைன்னா இறுக்கம் அதிகம், பஞ்சு நசுங்குது. கையை ஆட்ட முடியுதுன்னா தொய்வு அதிகம். தனியா இருந்தா குளிர் வர்ற இடத்தை வெச்சுக் கண்டுபிடிக்கலாம். பிட்டத்திலும் தோளிலும் மட்டும் குளிர்னா இறுக்கம். முதுகு முழுக்கக் குளிர், அதுவும் புரளும்போது குப்புனு வருதுன்னா தொய்வு. கழுத்துப்பக்கம் சில்லுனு ஊதினா ஓரக் கயிற்றைச் சுருக்குங்க. ஆனா ஓரத்தை ரொம்பச் சுருக்கினா நடுவில் பை மாதிரி தொங்கி இடைவெளி விழும். அதனால முதல்ல நீளவாட்டுக் கயிறு, அப்புறம்தான் ஓரம். இந்த வரிசையை மாத்தாதீங்க.

குயில்ட்டைப் போட்டுட்டு உடனே படுக்கவும் வேண்டாம். சுருட்டி வெச்ச பஞ்சு திரும்ப உப்ப அரைமணி நேரமாவது ஆகும். டார்ப் கட்டினதும் அடுத்த வேலை குயில்ட்டைத் தொங்கவிடறதுதான், சமையல் அதுக்கப்புறம்.

எமர்ஜென்சி ஷீட் வேண்டாம். அது ஈரத்தைக் கொஞ்சமும் விடாது. உடம்பிலிருந்து ராத்திரி முழுக்க ஆவி வந்துட்டே இருக்கும், அது குளிர்ந்த ஷீட்டில் பட்டு நீராகி பஞ்சில் இறங்கும். காற்றை அடைக்கணும்னா அதே டஃபேட்டாவில் இன்னொரு துண்டு வாங்கிக் குயில்ட்டுக்கு அடியில் தளர்வாக் கட்டுங்க.

---

நடைவழி:

வெந்நீர் நிச்சயம் பயன் தரும், கணக்குப் பாருங்கள். ஒரு லிட்டர் நீர் 80 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு இறங்கும்போது 45 கிலோ கலோரி வெளிவிடும். அது ஆறு மணி நேரத்துக்குப் பரவினால் ஏறக்குறைய 9 வாட். தூங்கும் உடல் தானாக உண்டாக்கும் வெப்பம் 70, 80 வாட் அளவில்தான், ஆகவே 9 வாட் சின்ன விஷயமல்ல.

பாத்திரம் முக்கியம். வெற்றிட பிளாஸ்க் உதவாது, அது சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளத்தான் செய்யப்பட்டது. ஒற்றைச் சுவர் எஃகு பாட்டில் அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பர் வெந்நீர்ப் பை. குடிநீர் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் வெந்நீரில் சுருங்கிவிடும், நீலகிரியில் அதற்குத் தடையும் உண்டு. ரப்பர் பையில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். தலைகீழாகப் பிடித்துச் சில நிமிடம் ஒழுகுகிறதா என்று பார்த்தபிறகே ஸ்லீப்பிங் பேக்குக்குள் கொண்டுபோங்கள். பஞ்சு நனைந்தால் அந்த இரவு அத்தோடு முடிந்தது. கம்பளிக் காலுறைக்குள் நுழைத்துத் தொடையிடுக்கில் வையுங்கள், அங்கே பெரிய ரத்தக்குழாய் மேலோடு ஓடுகிறது. வெறும் தோலில் வைக்காதீர்கள். தூக்கத்தில் 50 டிகிரி கூட மெதுவாகச் சுட்டுவிடும்.

நீர் காய்ச்சும் அடுப்பின் எரிவாயுக் கேனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெறும் பியூட்டேன் கேன் பூஜ்யத்தை நெருங்கினால் வாயுவாகாது, அதன் கொதிநிலையே மைனஸ் அரை டிகிரி. ஐசோபியூட்டேன், புரோபேன் கலந்த கேன் வாங்குங்கள், இல்லையென்றால் கேனைப் படுக்கைக்குள் வைத்துச் சூடாக்கியபின் பயன்படுத்துங்கள். அடுப்பைப் பற்றவைப்பது டார்ப்புக்கு வெளியே, திறந்த இடத்தில். கரி அடுப்பை ஹேமக்குக்கு அடியில் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது. நைலான் உருகும் என்பதைவிட, தாழ்த்திக் கட்டிய டார்ப்புக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் மணமும் இருக்காது, விழிப்பும் வராது.

படுக்கைக்கு முன் பகலில் போட்ட உடை அத்தனையையும் மாற்றிவிடுங்கள், உள்ளாடை உட்பட. பருத்தி பனியனில் நிற்கும் வியர்வை விடியும்வரை காயாது. தெர்மல் அல்லது கம்பளி, தளர்வான காலுறை, மங்கி குல்லா. முகத்தைப் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சுவிடாதீர்கள், மூச்சின் ஈரம் பஞ்சுக்குள் போகும். மூக்கு குளிர்ந்தால் ஒரு மஃப்ளரைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளுங்கள். நிலக்கடலை, முந்திரி, நெய் சேர்ந்த ஏதாவது சாப்பிட்டுப் படுங்கள். மது வேண்டாம். தோலுக்கு ரத்தம் அதிகம் ஓடிச் சூடாக இருப்பதுபோல் காட்டும், அந்த நேரத்தில் உடல் சூட்டை இழந்துகொண்டிருக்கும். நடுராத்திரி சிறுநீர் வந்தால் அடக்காமல் எழுந்து போய்விட்டு வாருங்கள், இல்லாவிட்டால் விடியும்வரை தூக்கமே வராது.

---

கோத்தகிரிக் குளிர்:

நடைவழி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மிகக் கடுமையான குளிர் சூரிய உதயத்துக்குச் சற்று முன்புதான். பத்து மணிக்கு வசதியாக இருக்கிறது என்று எதையும் காரில் விட்டுவிடாதீர்கள். கூடுதல் கம்பளியும் இரண்டாவது வெந்நீருக்கான தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நடுக்கம் நிற்காமல் வருகிறது, ஜிப்பைப் பிடிக்க விரல் தடுமாறுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அதற்குமேல் சமாளிக்கப் பார்க்காதீர்கள். எழுந்து வீட்டுக்கோ காருக்கோ போய்விடுங்கள். ஈர உடையைக் கழற்றி, காய்ந்ததைப் போர்த்தி, முழு நினைவு இருந்தால் சூடாக இனிப்புத் தேநீர். கைகாலைத் தேய்க்க வேண்டாம். ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு காருக்குள் தூங்கவும் வேண்டாம்.

---

மேட்டுப்பாளையத்தான்:

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: காலையில் குயில்ட் ஈரமாக இருந்தால் அப்படியே சுருட்டலாமா?

---

ஊசிநூல்:

வெளித்துணியில் மட்டும் பனி படிஞ்சிருந்தா உதறித் துடைச்சுட்டு, வெயில் ஏறினதும் டார்ப் கயிற்றில் ஒரு மணி நேரம் போடுங்க. செயற்கைப் பஞ்சு சீக்கிரம் காயும். அன்னிக்கே கிளம்பணும்னா ஈரத்தோட சுருட்டினாலும் வீட்டுக்குப் போனதும் பிரிச்சுக் காயவைங்க. அலமாரியில் வைக்கும்போது இறுக்கிச் சுருட்டாம ஒரு பெரிய பருத்தித் துணிப்பையில் தளர்வாப் போட்டு வைங்க. மாசக்கணக்கில் அமுங்கிக் கிடந்த பாலியஸ்டர் பஞ்சு பழைய உயரத்துக்குத் திரும்பாது. அடுத்த வருஷம் தொங்கவிடறதுக்கு முன்னாடி ஸ்கேலை வெச்சு அளந்து பாருங்க, 3 செ.மீ.க்குக் கீழே போயிருந்தா ஒரு ஓரத்தைப் பிரிச்சு இன்னொரு ஷீட் உள்ளே விட்டுத் தைச்சுடலாம்.